உம்மென்ற முகமும் உணர்த்தும் சொல்லும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சினம், சீற்றம், வெகுளி, கதம், செற்றம் எனக் கோபத்துக்குத் தமிழில் சொற்கள் பல. அவற்றைப் பற்றி மேடைகள் நிறையவே பேசியுள்ளன. ஆனால் கோபம் என்று சொல்லும் அளவுக்கு முற்றாத, வருத்தம் என்று சொல்லும் அளவுக்கு உருகாத நிலை ஒன்று உண்டு. அந்நிலையில் வாய் மூடிக்கொள்கிறது. முகம் பேசத் தொடங்குகிறது. 'மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கா' என்று வடுகபட்டியின் அடுப்படிகளிலும் திண்ணைகளிலும் ஒலிக்கும் பேச்சு அந்நிலையைத்தான் குறிக்கிறது. இச்சொற்களை இலக்கிய மேடைகள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. இவை சில்லறைச் சொற்கள் என்பது பொது எண்ணம். சில்லறைதான் நாள்தோறும் கைமாறுகிறது என்பதை வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்குப் போய்வருவோர் அறிவர்.

மனக்குறையுற்ற முகத்தைத் தமிழ் எவ்வெச் சொற்களால் சுட்டுகிறது, யாருடைய முகத்துக்கு எந்தச் சொல் வழங்குகிறது, அந்த வழக்கால் விளைவது என்ன என்னும் மூன்றும் இவ்வுரையின் பொருள்.

சொற்களின் வகை

மதுரை, தேனி வட்டாரப் பேச்சிலும் பொதுத்தமிழிலும் வழங்கும் இவ்வகைச் சொற்களை மூன்றாகப் பகுத்துக் காணலாம்.

முதல் வகை, உறுப்பின் அசைவைச் சொல்வது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளுதல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல், முகம் சுளித்தல், முகம் கோணுதல், உதட்டைப் பிதுக்குதல், கழுத்தை நொடித்தல், மோவாய்க்கட்டையைத் தோளில் இடித்துக்கொள்ளுதல் என்பன இவ்வகை. இவை ஒன்றுக்கொன்று ஈடானவை அல்ல. சுளிப்பு ஒரு நொடியில் வந்து போவது. பிடிக்காத ஒன்றைக் கண்டதும் நேர்வது. கோணல் அதைவிட மெல்லியது. பிறர் உற்று நோக்கினாலன்றித் தெரியாதது. தூக்கி வைத்தல் நீடிப்பது. காலையில் தூக்கிய முகம் மாலைவரை இறங்காமல் இருக்கலாம். 'வைத்துக்கொண்டு' என்னும் துணைவினை அந்த நீடிப்பைச் சுட்டுகிறது. தூக்கிய பொருளைக் கீழே வைக்காமல் ஒருவர் சுமந்து திரிவதுபோல் அந்த முகம் சுமக்கப்படுகிறது. நொடிப்போ எதிரில் இருப்பவர் பார்க்க வேண்டும் என்றே செய்யப்படுவது; பார்ப்பார் இல்லாத இடத்தில் யாரும் கழுத்தை நொடிப்பதில்லை.

இரண்டாம் வகை, ஒலிக்குறிப்பால் ஆவது. உம்மென்று இருத்தல், உர்ரென்று இருத்தல், சிடுசிடுத்தல், கடுகடுத்தல் என்பன இவ்வகை. 'உம்' என்று ஒலித்தால் இதழ்கள் இரண்டும் மூடிக்கொள்கின்றன. பேசாத வாயின் வடிவமே சொல்லாகிவிட்டது. 'உர்' என்பதில் உறுமல் கேட்கிறது. உம்மென்று இருப்பவரை அணுகலாம். உர்ரென்று இருப்பவரைச் சற்றுத் தள்ளி நின்றே அழைக்க வேண்டும். பேச்சுத்தமிழ் இந்த வேறுபாட்டை எந்த இலக்கணமும் கற்பிக்காமலேயே காத்து வருகிறது.

மூன்றாம் வகை, அடுப்படியிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வந்த உவமை வழக்கு. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தல், முகம் சுண்டிப்போதல், முகம் வாடுதல், இஞ்சி தின்ற குரங்குபோல் இருத்தல் என்பன இவ்வகை. எள்ளையும் கொள்ளையும் வறுசட்டியில் இட்டால் சிறிது நேரம் ஓசையின்றிக் கிடக்கும். சூடு ஏறியபின் படபடவென்று தெறிக்கும். வெளியே அமைதியும் உள்ளே சூடுமாக இருக்கும் முகத்துக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது. வாடுதலும் சுண்டுதலும் நீர் குறைவதைச் சுட்டுவன. வாடிய செடி நீர் பெற்றால் தலைதூக்கும். சுண்டிய குழம்பு பழைய நிலைக்குத் திரும்புவது கடினம். ஆகவே வாடிய முகத்தைக் கண்டவர் 'என்ன ஆச்சு' என்று கேட்பர். சுண்டிய முகத்தைக் கண்டவர் தாம் சொன்ன சொல்லை எண்ணி வருந்துவர்.

எதிர்மறையில் வாழும் சொற்கள்

இச்சொற்களுள் இரண்டின் வழக்கு தனித்து நோக்கத்தக்கது. 'முகம் கோணுதல்', 'முகம் சுளித்தல்' என்னும் இரண்டும் உடன்பாட்டில் வருவதைவிட எதிர்மறையில் வருவதே மிகுதி. 'முகம் கோணாமல் சோறு போட்டாள்', 'ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை', 'முகஞ்சுளிக்காமல் அத்தனை பேருக்கும் செய்தாள்' என்பன அன்றாடம் கேட்பவை. பெண் பார்க்கும் வீட்டில் இது பாராட்டு. நீத்தார் நினைவுக் கூட்டத்தில் இது புகழுரை. அன்னையைப் பாடும் கவிதைகளில் இது மாறாத அடைமொழி.

விருந்தோம்பலைப் பேசும் திருவள்ளுவர், முகம் மாறிப் பார்த்த அளவிலேயே விருந்தினர் வாடிவிடுவர் என்று அனிச்ச மலரோடு ஒப்பிட்டுக் கூறினார். அங்கே அறிவுரை விருந்தோம்பும் இல்லத்துக்கு உரியது. விருந்தினரின் மென்மையைக் கருதியது. இன்றைய வழக்கில் அந்த அறிவுரை முழுவதும் சமைப்பவளின் முகத்தின்மேல் ஏற்றி வைக்கப்பட்டுவிட்டது. உண்பவர் முகம் கோணாமல் உண்டார் என்று யாரும் யாரையும் புகழ்வதில்லை. புகைபடிந்த அடுப்பின் முன் நின்றவளின் முகத்தில் சுளிப்பு இல்லாமை போற்றப்படுகிறது. அவளுக்குச் சுளிக்க வேண்டிய காரணம் இருந்ததா என்பது கேட்கப்படுவதில்லை. 'சுளிக்கவில்லை' என்று புகழ்வோர், சுளிப்பதற்குப் போதிய காரணம் இருந்ததைத் தம்மை அறியாமலே ஒப்புக்கொள்கின்றனர் என்பதும் எண்ணத்தக்கது.

ஒரே நிலை, இருவேறு பெயர்

ஒரு கல்யாண வீட்டை எண்ணிப் பார்க்கலாம். தாய்மாமனுக்கு முதலில் பாக்கு வைக்கவில்லை. அவர் பந்தலின் ஓரத்தில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். காப்பி வந்தால் 'வேணாம்' என்கிறார். அதே நேரத்தில் அடுப்படியில், தன்னைக் கேட்காமல் தன் நகையை நாத்தனாருக்கு அணிவித்துவிட்டதற்காக அவ்வீட்டு மருமகள் யாருடனும் பேசாமல் காய் அரிந்துகொண்டிருக்கிறாள். இருவர் முகத்திலும் இருப்பது ஒன்றே. இருவரும் கேட்பதும் ஒன்றே: 'என்னையும் ஓர் ஆளாகக் கருதியிருக்க வேண்டும்' என்பது.

ஆனால் வீடு இருவருக்கும் ஒரே சொல்லைத் தருவதில்லை. 'மாமா வருத்தத்துல இருக்காரு', 'மாமாவுக்கு ஒரு மனத்தாங்கல்' என்று பந்தலில் பேச்சு எழுகிறது. உடனே பெரியவர் இருவர் எழுந்து செல்கின்றனர், தாம்பாளம் வருகிறது, கையைப் பிடித்து அழைத்து வந்து முன்வரிசையில் அமர்த்துகின்றனர். அடுப்படியில் எழும் பேச்சு வேறு. 'மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிறா பாரு. நல்ல நாளும் அதுவுமா இப்பிடியா?' அவளைத் தேடி யாரும் போவதில்லை. காய் அரிந்து முடிந்ததா என்று கேட்கவே ஆள் வருகிறது.

மனக்குறைச் சொற்களை வரிசைப்படுத்தினால் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. ஆணின் மனக்குறைக்குப் பெயர்கள்: ரோசம், வீராப்பு, முறுக்கு, மனத்தாங்கல், வருத்தம். இவை பண்பையோ உள்ளத்தையோ சுட்டுவன. 'ரோசக்காரன்' என்பதில் ஒரு மதிப்பும் கலந்திருக்கிறது. பெண்ணின் மனக்குறைக்குப் பெயர்கள்: மூஞ்சியைத் தூக்குதல், உதட்டைப் பிதுக்குதல், கழுத்தை நொடித்தல், மோவாயை இடித்தல். இவை உறுப்பைச் சுட்டுவன. ஆணின் மனக்குறையில் தமிழ்ப்பேச்சு உள்ளத்தைக் காண்கிறது. பெண்ணின் மனக்குறையில் முகத்தோடு நின்றுவிடுகிறது. பெண்ணுக்குப் பண்புப்பெயர் வரும்போதும் அது 'ராங்கி' என்றும் 'திமிர்' என்றும் வசையாகவே வருகிறது. இதற்கு விலக்குகள் இல்லாமல் இல்லை. 'சிடுமூஞ்சி' என்பது ஆண் அதிகாரிகளுக்கும் வழங்கும் பெயர்தான். ஆனால் அவர் முன்னிலையில் யாரும் அதைச் சொல்வதில்லை. மருமகளைப் பற்றியது அவள் காதில் விழவே சொல்லப்படுகிறது.

'மாப்பிள்ளை முறுக்கு' என்னும் தொடர் இவ்வழக்கின் உச்சம். மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது குறையன்று. அவர் பதவிக்கு உரிய அணிகலன். தெலுங்கு நாட்டுத் திருமணங்களில் 'அலக பான்பு' என்றே ஒரு சடங்கு உண்டு. அலக என்பது பிணக்கு. பான்பு என்பது படுக்கை. மணமகன் பிணங்கிப் படுக்கையில் அமர்ந்துகொள்வார். மாமனார் வீட்டார் வேண்டிய பொருளைத் தந்து அவரை எழுப்ப வேண்டும். வடுகு என்பது தெலுங்குக்குத் தமிழில் வழங்கிய பழம்பெயர். அச்சொல்லையே பெயரில் தாங்கிய ஊரில், தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக வழங்கும் கம்பம் பள்ளத்தாக்கில், இச்சடங்கின் உட்பொருள் எளிதில் விளங்கும். மணமகனின் பிணக்குக்குப் படுக்கையும் உண்டு, பரிசும் உண்டு. மணமகளின் பிணக்குக்குச் சடங்கு எதுவும் ஏற்படவில்லை. வால்மீகியின் அயோத்தி அரண்மனையில் கைகேயி பிணங்கிப் புகுவதற்கு 'குரோதாகாரம்' என்றோர் அறையாவது இருந்தது. சிற்றூரின் ஒற்றை அடுப்படியில் அதற்கும் இடமில்லை. ஆகவேதான் முகமே அவளுக்கு அறையாகிறது.

பழந்தமிழ் கண்ட வேறுபாடு

இந்நிலையைப் பழந்தமிழ் மரபு எவ்வாறு நோக்கியது என்பது அடுத்து ஆராயத்தக்கது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறார். அவற்றுள் ஒன்றாகிய வெகுளிக்கு அவர் காட்டும் களன்கள் நான்கு: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உறுப்பை அறுத்தலும், குடியை நலிதலும், வைதலும் அடித்தலும், கொல்லுதலும் என விரியும் பெருந்தீங்குகள் இவை. மனையில் நிகழும் மனக்குறைக்கு இந்நான்கில் இடமில்லை. அதனை அவர் கற்பியலில் வைத்துப் புலவி, ஊடல் என்னும் பெயர்களால் பேசுகிறார். வெகுளி பகைவர்பால் எழுவது, ஊடல் உரியவர்பால் எழுவது என்னும் தெளிவு இதில் உள்ளது. உறவு இல்லாத இடத்தில் ஊடல் இல்லை. பேருந்தில் காலை மிதித்த அயலாரிடம் கோபம் வரும். யாரும் அவரிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கும் அது திரும்பி வரவேண்டும் என்று விரும்பும் ஒருவர் தேவை.

திருக்குறள் இந்நிலையின் அளவுகளையும் பிரித்துக் காட்டுகிறது. அந்நூலின் 133 அதிகாரங்களுள் இறுதி மூன்றும் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்பன. அறத்தில் தொடங்கிய நூல் ஊடலில் வந்து நிறைவுறுகிறது. புலவியை உப்புக்கு ஒப்பிட்டு, அளவோடு இருந்தால் சுவை, சற்றே மிகுந்தாலும் கேடு என்பார் வள்ளுவர். துனி என்று மற்றொரு சொல்லையும் ஆள்வார். துனி முதிர்ந்த பிணக்கு, புலவி இளைய பிணக்கு என்று பரிமேலழகர் வேறுபாடு காட்டுவார். இன்றைய பேச்சில் கோணல், சுளிப்பு, தூக்கி வைத்தல் என்று அளவுகள் இருப்பதுபோல அன்றைய தமிழிலும் அளவுகள் இருந்தன.

இவற்றினும் சிறந்த ஒன்று, பழந்தமிழில் ஊடலுக்கு இணையாக வழங்கிய மற்றொரு சொல். ஊடியவரைத் தேற்றி மீட்டலுக்கு 'உணர்த்துதல்' என்று பெயர்; ஊடல் நீங்குதலுக்கு 'உணர்தல்' என்று பெயர்; அச்செயல் 'உணர்ப்பு' எனப்பட்டது. அறிவித்தல் என்று இன்று பொருள்படும் சொல் அன்று ஊடல் தீர்த்தலுக்கு வழங்கியது. ஊடியவரின் குறையைப் புரிந்துகொண்டதாக அவருக்குத் தெரிவிப்பதே ஊடலைத் தீர்க்கும் என்னும் பொருளாழம் அச்சொல்லிலேயே அமைந்துள்ளது. ஊடியவரை உணர்த்தாமல் விடுவது, ஏற்கெனவே வாடிய கொடியை அடியோடு அரிவதற்கு ஒப்பாகும் என்று வள்ளுவர் கடிந்து கூறுவார். இந்தியில் 'ரூட்னா', 'மனானா' என்னும் இரு வினைகள் இன்றும் இணையாக வழங்குகின்றன: ஒன்று பிணங்குதல், மற்றொன்று பிணங்கியவரைத் தேற்றுதல். தமிழில் ஊடலை மேடைகள் நினைவில் வைத்துக்கொண்டன; உணர்த்தலை அந்தப் பொருளில் மறந்துவிட்டன. 'சமாதானம் பண்ணுதல்', 'தாஜா பண்ணுதல்', 'ஐஸ் வைத்தல்' என்பன இன்று அதன் இடத்தில் நிற்கின்றன. முதலாவதில் போர் ஓய்ந்த ஒலி; மற்ற இரண்டிலும் ஏமாற்றும் குறிப்பு. புரிந்துகொண்டேன் என்று தெரிவிக்கும் பொருள் எதிலும் இல்லை.

ஊடலைத் தீர்க்க இடைநிற்போருக்கு 'வாயில்' என்று பெயர். தோழி, பாணன், விறலியர், விருந்தினர் முதலியோரைத் தொல்காப்பியம் வாயில்களாகக் கூறும். ஊடிய மனத்தை அடைத்த வீடாகக் கருதி, அதனுள் செல்லும் வழியாக ஒரு மனிதரைக் கருதிய சொல் அது. தலைவி வாயிலை ஏற்கலாம், மறுக்கவும் செய்யலாம். 'வாயில் மறுத்தல்' அகப்பாடல்களின் துறைகளுள் ஒன்றாக நிற்கிறது.

இம்மரபைப் போற்றும்போதே அதன் குறையையும் சொல்லியாக வேண்டும். மருதத்திணைத் தலைவியின் ஊடலுக்குப் பெரும்பாலும் காரணம் தலைவனின் பரத்தமை. அவள் குறை சிறுகுறை அன்று. எனினும் இலக்கணம் அவளுக்கு வழங்கிய உரிமை ஊடுவது மட்டுமே; முடிவில் அவள் உணர்ந்தே ஆக வேண்டும். உணர்ப்பின் எல்லையை அவள் கடந்தால் தலைவனும் புலக்கலாம் என்று கற்பியல் கூறும். எல்லை அவளுக்கு வகுக்கப்பட்டது. ஊடலுக்குக் காரணமான ஒழுக்கத்துக்கு அத்தகைய எல்லை வகுக்கப்படவில்லை. ஆயினும் அவள் முகத்தைப் படிப்பதற்குத் தோழி ஒருத்தி இருந்தாள். அவள் மனக்குறைக்குக் காரணம் உண்டு என்பதை எல்லாரும் ஒப்புக்கொண்டனர். இன்றைய அடுப்படி மருமகளுக்கு அந்த இரண்டும் கிடைப்பதில்லை.

தெய்வத்தின் பிணக்கு

மக்கள் வழக்கில் உணர்த்தல் முற்றிலும் மறையவில்லை. கோயில்களில் அது விழாவாகவே வாழ்கிறது.

கொடைக்கானல் மலைக்கு இப்பக்கம் பெரியகுளமும் வடுகபட்டியும், அப்பக்கம் பழனி. கனி கிடைக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு மலையேறிய பிள்ளையாகவே பழனி முருகனை மக்கள் அறிவர். அப்பிள்ளையை யாரும் 'மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான்' என்று ஏசியதில்லை. ஔவை வந்து தேற்றியதாகக் கதை வளர்ந்தது. 1965இல் வெளிவந்த 'திருவிளையாடல்' திரைப்படம் கே.பி. சுந்தராம்பாளின் வடிவில் அக்காட்சியை ஊர்தோறும் கொண்டு சேர்த்தது. பிணங்கிய பிள்ளையைத் தேடிக் காவடி சுமந்து கால்நடையாகச் செல்வதே ஒரு வழிபாடாகிவிட்டது.

திருவண்ணாமலையில் மாட்டுப் பொங்கல் நாளில் திருவூடல் நடைபெறுகிறது. ஊடல் தீர்வது மறுவூடல். திருவூடல் தெரு என்றே அங்கு ஒரு வீதி உண்டு. திருவரங்கத்தில் பங்குனி விழாவின்போது, உறையூர் சென்று திரும்பிய பெருமாளுக்குத் தாயார் கதவடைக்கிறார். அங்கே வாழைமட்டையால் அடிக்கும் நிகழ்ச்சியும் உண்டு. நம்மாழ்வார் இடைநின்று தீர்த்தபின் பங்குனி உத்திரத்தில் சேர்த்தி. பெரியபுராணத்தில் சங்கிலியாரை மணந்து திருவாரூர் திரும்பிய சுந்தரரைப் பரவையார் ஏற்க மறுத்தபோது, இறைவனே இரவில் இருமுறை தூது நடந்தார். முதல்முறை அவர் சொல் ஏற்கப்படவில்லை. தெய்வமே வாயிலாக வந்தும் வாயில் மறுக்கும் உரிமை பரவையாருக்கு இருந்தது.

விழாவில் தாயார் கதவடைப்பதைக் கண்டு கைகூப்பும் கூட்டம், வீட்டில் மருமகள் கதவடைத்தால் அதை ராங்கி என்கிறது. இரண்டுக்கும் இடையிலான தொலைவு ஒரு சொல்லின் தொலைவுதான். ஒன்றுக்குத் திருவூடல் என்று பெயர் வைத்தனர். மற்றொன்றுக்கு மூஞ்சி என்று பெயர் வைத்தனர்.

வினை பெயராகும்போது

இன்னொரு மாற்றமும் கவனிக்க வேண்டியது. 'முகம் சிடுசிடுத்தது' என்பது ஒரு வேளையைப் பற்றிய செய்தி. 'சிடுமூஞ்சி' என்பது ஓர் ஆளைப் பற்றிய தீர்ப்பு. 'உம்மென்று இருந்தான்' என்பதில் பிறகு சிரிக்க இடமுண்டு. 'உம்மணாமூஞ்சி' என்பதில் அந்த இடம் அடைபட்டுவிடுகிறது. 'அழுமூஞ்சி' என்று பெயர் பெற்ற குழந்தை, காரணத்தோடு அழும்போதும் காரணம் கேட்கப்படுவதில்லை. வினைச்சொல் காலத்தைக் காட்டும்; காலம் உள்ள இடத்தில் மாற்றத்துக்கு வழியுண்டு. பெயர்ச்சொல் காலம் காட்டாது என்பது இலக்கணத்தின் தொடக்கப் பாடம். மனிதரைப் பற்றிப் பேசும்போது அந்த இலக்கணம் வாழ்க்கையாகிவிடுகிறது. வினையால் சுட்டப்பட்டவரை உணர்த்த முடியும். பெயரால் முத்திரையிடப்பட்டவரை உணர்த்த யாரும் முயல்வதில்லை.

இக்காலத்தில் பேசாத முகத்தின் வடிவங்கள் மாறியுள்ளன. கைபேசியில் மஞ்சள்நிற முகம் ஒன்று உதட்டைக் கோணிக்காட்டுகிறது. செய்தி படிக்கப்பட்டதற்கான நீலக்குறி வந்தும் மறுமொழி வராமையே இன்றைய இளையோரின் புலவி. வடிவம் எதுவாயினும், 'நான் பேசாமல் இருப்பதை நீ கவனிக்க வேண்டும்' என்பதே அதன் பொருள். கவனிக்கும் ஒருவர் இல்லையேல் புலவி துனியாகும். துனி முற்றினால் முகம் திரும்புவதில்லை. ஆளே திரும்பிப் போய்விடுகிறார்.

கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை வெளிவந்தது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் எடுத்துக்காட்டுத் தொடர்களோடு வந்தது. கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குச் சொல்லகராதியை 1982இல் தந்தார். கொங்கு நாட்டுக்குப் பெருமாள்முருகனும் நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரனும் அவ்வாறே தந்துள்ளனர். வைகைக்கும் முல்லைப் பெரியாற்றுக்கும் இடைப்பட்ட இந்நிலத்தின் முகச்சொற்களைத் திரட்டுவது, இரண்டாம் பத்தாண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டம் மேற்கொள்ளத்தக்க பணி. திரட்டும்போது பொருளை மட்டும் எழுதினால் போதாது. யார், யாரைப் பற்றி, யார் கேட்கச் சொல்லும் சொல் என்பதும் எழுதப்பட வேண்டும். அச்செய்தி இல்லாத அகராதியில் முறுக்கும் மூஞ்சித்தூக்கலும் ஒரே பொருளுடைய இரு சொற்களாகத் தோன்றிவிடும்.

கவிதை எழுதுவோர் 'முகஞ்சுளிக்காத தாய்' என்று எழுதும் முன், அவள் சுளித்த ஒரு நாளை நினைவுகூர்வது நல்லது. அந்த ஒரு நாளில்தான் அவள் ஏதேனும் ஒன்றைக் கேட்டிருப்பாள். அதை எழுதுவது அவளை இழிவுபடுத்துவதாகாது. உணர்த்தும் கடமை ஒரு தலைமுறை தாழ்ந்தேனும் நிறைவேறியதாகும்.

இறுதியாக, இலக்கிய வட்டங்களும் வீடுகளே. அழைப்பிதழில் பெயர் விடுபட்ட கவிஞர், கடைசி வரிசையில் கைகட்டி அமர்ந்திருப்பதைக் காணாத வட்டம் தமிழ்நாட்டில் இல்லை. மேடையில் தம் நூலைப் பற்றி ஒரு சொல்லும் வராததால் தேநீர் அருந்தாமல் புறப்பட்டவர்களையும் எல்லா வட்டங்களும் அறியும். 'அவருக்கு எப்பவுமே மூஞ்சி அப்பிடித்தான்' என்று சொல்லிவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்குப் போவது எளிது. அவ்வாறு சொல்லாமல், மறுநாள் காலையில் ஒருவர் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து, 'நேத்து விட்டுப்போச்சு, எங்க தப்புதான்' என்று சொல்லியிருந்தால், அவர் இன்றும் முன்வரிசையில் இருப்பார். பத்தாண்டுகள் ஒரு வட்டம் கலையாமல் நிற்பதற்கு நல்ல கவிதைகள் மட்டும் காரணமாவதில்லை. அவ்வாறு மிதிவண்டியில் போனவர்களும் காரணம். அவர்களுடைய பெயர்கள் மலரின் பொருளடக்கத்தில் இராது. பழந்தமிழ் அவர்களுக்கு வாயில் என்று பெயர் வைத்திருந்தது.